புதிய மீன்களும் நத்தைகளும்

கேள்வி: எங்கள் தொட்டியில் கப்பி மீன்கள் நலமாக வளர்கின்றன. கடையில் வாங்கும் புதிய மீன்களையும் நத்தைகளையும் உடனே அதில் விடலாமா? – வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு.

பதில்: வேண்டாம், அம்மா. நலமாகத் தோன்றும் மீனின் செவுள்களிலும் வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மறைந்திருக்கலாம் என்பதால், புதியவற்றைத் தனித் தொட்டியில் குறைந்தது 2 வாரமும், இயன்றால் 4 வாரமும் வைத்துக் கவனிப்பதே பாதுகாப்பு. நத்தைக்கு அந்நோய் வராது. ஆனால் அதன் ஓட்டிலும் அது வந்த நீரிலும் ஒட்டுண்ணி தொற்றி வரக்கூடும். மீனுக்கு மருந்திட நேர்ந்தால் நத்தையை அங்கிருந்து அகற்றிவிடுங்கள். செம்பு கலந்த மருந்து நத்தையைக் கொன்றுவிடும்.

கடையிலிருந்து கொண்டுவந்த பையை, குளோரின் நீக்கிய நீருள்ள அத்தனித் தொட்டியில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்த பிறகு, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கவனிப்புக் காலம் முடிந்து கப்பித் தொட்டிக்கு மாற்றும்போதும் இவ்வாறே செய்யுங்கள். அமிலத் தன்மையுள்ள நீர் நத்தை ஓட்டை அரிக்கும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

மற்றொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: பெருகிய நத்தைகளைக் கால்வாயில் விடவே கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த தங்க ஆப்பிள் நத்தை நம் நாட்டு நெல்வயல்களில் இளநாற்றுகளைத் தின்று அழித்து வருகிறது.