கேளுங்கள், சொல்கிறோம்: நிக்சனின் நாவை அசைத்த கேள்விகள்

கே: பதவி விலகிய அமெரிக்க அதிபர் நிக்சன், பிரிட்டிஷ் டிவி பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்டுக்குப் பேட்டி கொடுக்க ஒப்புக்கொண்டது ஏன்? (வாசகர், பெரம்பூர்)

ப: பணம் ஒரு காரணம். 6 லட்சம் டாலர், லாபத்தில் 20 சதவீதம் என்று பேசி முடித்தார்கள். 1974 செப்டம்பர் 8 அன்று, அடுத்து அதிபரான ஃபோர்டு மன்னிப்பு வழங்கிவிட்டதால், வாட்டர்கேட் வழக்கு (எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் அத்துமீறி நுழைந்ததும், அதை மூடி மறைத்ததும்) தன்மேல் பாயாது என்ற தைரியமும் இருந்தது. அமெரிக்காவின் பெரிய டிவி நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ள, ஃப்ராஸ்டே பணம் திரட்டி, தனித்தனி நிலையங்களைச் சேர்த்தார். 1977 மார்ச், ஏப்ரலில் 12 நாட்கள், 28 மணி நேரத்துக்கு மேல் பதிவு.

இதெல்லாம் ஏற்பாடுதான். நிக்சனை அசைத்தது ஆவணம். ஃப்ராஸ்டின் குழுவிலிருந்த ஜேம்ஸ் ரெஸ்டன் ஜூனியர், நீதிமன்றக் கோப்புகளில் தேடி, நிக்சனும் அவருடைய ஆலோசகர் கோல்சனும் பேசிய டேப்பின் எழுத்துப்படியைக் கண்டெடுத்தார். வாட்டர்கேட் பகுதிக்கு வரும்வரை ஃப்ராஸ்ட் அதை வெளிக்காட்டவில்லை. அவர் வரி வரியாக வாசித்துக் காட்டியதும் நிக்சனின் தயார் பதில்கள் தடுமாறின. நண்பர்களையும் நாட்டையும் கைவிட்டுவிட்டேன் என்று அவர் வாயாலேயே வந்தது அந்தப் பகுதியில்தான்.

கே: எங்கள் வாசகர் வட்டத்தில், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவருடன் மேடை உரையாடல் வைக்கிறோம். எதில் கவனம் வேண்டும்? (வாசகி, ஆதம்பாக்கம்)

ப: முதலில் மைக். 1976 செப்டம்பர் 23, பிலடெல்பியாவில் அதிபர் தேர்தலுக்கான ஃபோர்டு - கார்ட்டர் டிவி விவாதத்தில் ஆம்ப்ளிஃபையரின் சின்ன பாகம் ஒன்று கெட்டுப்போய், 27 நிமிடம் ஒலியே இல்லை. இருவரும் மேடையில் அப்படியே நின்றார்கள். உங்கள் அரங்கில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் சில நொடிகளில், மைக்குகளை இணைக்கும் ஒலி மிக்ஸர் அணைந்துவிடும். அதற்கு மட்டும் ஒரு சிறிய யுபிஎஸ் போடுங்கள். காலர் மைக்குக்குப் புது பேட்டரி. மேஜைமேல் தனியாக ஒரு போனில் பதிவு ஓடட்டும்.

ஒரு மணி நேரத்துக்கு 8 கேள்வி போதும். 'அப்போது எப்படி இருந்தது?' என்று கேட்டால் பழகிய மேடைப் பேச்சே வரும். 'அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள்? கோப்பில் நீங்கள் என்ன எழுதினீர்கள்?' என்று கேளுங்கள். பதில் நழுவினால் அடுத்த கேள்விக்குத் தாவாமல், அதே கேள்வியை இன்னும் சுருக்கமாகத் திரும்பக் கேளுங்கள். பார்வையாளர் கேள்விகளைச் சீட்டில் வாங்குங்கள்; மைக்கைக் கையில் கொடுத்தால் சொற்பொழிவு ஆரம்பித்துவிடும்.

கே: 1960 அதிபர் தேர்தலில் கென்னடியுடன் நடந்த விவாதத்தில் ரேடியோ கேட்டவர்களுக்கு நிக்சன்தான் ஜெயித்தார் என்பது உண்மையா? (வாசகர், குரோம்பேட்டை)

ப: உறுதியான ஆதாரம் இல்லை. எல்லோரும் காட்டுவது ஒரே ஒரு நிறுவனத்தின் கருத்துக்கணிப்பு. அதிலும் ரேடியோ கேட்டவர்கள் சொற்பம்.