நாயின் பல்லில் படிந்த காரையைக் கத்தியால் சுரண்டலாமா?

கேள்வி: எங்கள் ஆட்டுப் பட்டிக்குக் காவலாக ஐந்து வயது நாய் ஒன்று இருக்கிறது. சில மாதங்களாக அதன் வாய் நாறுகிறது. கடைவாய்ப் பற்களில் பழுப்பு நிறத்தில் கல் போல ஏதோ ஒட்டியிருக்கிறது. இரண்டு வாரமாக ஒரு பக்கமாகவே மெல்லுகிறது. கத்தி முனையால் சுரண்டிவிட்டு, நாம் துலக்கும் பற்பசையைத் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். செய்யலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். நாய் ஒரு பக்கமாக மெல்லுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. மறுபக்கம் வலிக்கிறது என்று அது தனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறது. வாய் எவ்வளவு வலித்தாலும் நாய் எளிதில் பட்டினி கிடக்காது. அதனால் 'நன்றாகத்தான் சாப்பிடுகிறது' என்று நினைத்து நாம் ஏமாந்துவிடுகிறோம்.

வாயில் கை வைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்கிறீர்களா? போடாத நாய்க்கு எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், நடத்தையும் மாறியிருந்தால் வாயைத் திறந்து பார்க்கவே கூடாது. அதைத் தனியாக அடைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், நாய் அமைதியாக இருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மேலுதட்டை மட்டும் மெல்லத் தூக்கிப் பாருங்கள். வாயைப் பிளக்க வேண்டியதில்லை. மேல்தாடையின் பின்பகுதியில் மலைமுகடு போல உயர்ந்த பெரிய பல் ஒன்று தெரியும். எச்சில் சுரந்து வரும் துளை அதற்கு எதிரேதான் இருக்கிறது. அதனால் காரை முதலில் பிடிப்பதும், அதிகமாகப் பிடிப்பதும் அந்தப் பல்லில்தான். அதை ஒட்டிய ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் இறுக்கமாக இருந்தால் நல்லது. கரையில் சிவந்த கோடு ஓடினாலோ, தொட்டதும் ரத்தம் கசிந்தாலோ ஈறு நோய் தொடங்கிவிட்டது. கண்ணுக்குக் கீழே வீக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பல்லின் வேரில் சீழ் கோத்தால் வீக்கம் அங்கேதான் வெளிப்படும். பலர் அதைக் கண்நோய் என்று எண்ணி மருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கத்தி ஏன் கூடாது? நீங்கள் பார்ப்பது ஈறுக்கு மேலே இருக்கும் காரையை மட்டும். பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கும் அழுக்கு ஈறுக்கு அடியில் இருக்கிறது. கத்தி அங்கே எட்டாது. எட்டினால் ஈற்றைக் கிழிக்கும். பல்லின் மேற்பூச்சிலும் கீறல் விழும். அந்தச் சொரசொரப்பில் காரை முன்பைவிட வேகமாகப் பிடிக்கும்.

மருத்துவர் நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, அதிர்வுக் கருவியால் ஈறுக்கு அடியிலும் சுத்தம் செய்து, பல்லை மெருகேற்றிவிடுவார். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்து வேரைப் பார்ப்பார். ஆடுகிற பல்லையோ, வேர் அழுகிய பல்லையோ பிடுங்கச் சொன்னால் தயங்காதீர்கள். வலிக்கிற பல்லோடு இருப்பதைவிட, அது இல்லாமல் நாய் நிம்மதியாகச் சாப்பிடும்.

மனிதர்களின் பற்பசையை நாய்க்குப் பயன்படுத்தவே வேண்டாம். நாய்க்குத் துப்பத் தெரியாது, முழுவதையும் விழுங்கிவிடும். சில பற்பசைகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்க்கிறார்கள். அது நமக்குக் கெடுதல் இல்லை. நாய்க்கோ ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். நாய்களுக்கென்றே செய்த பற்பசை கிடைத்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் தண்ணீரில் நனைத்த துணியே போதும். தேய்ப்பதுதான் வேலை செய்கிறது, பசை அதற்குத் துணை மட்டுமே.

சுத்தம் செய்த பல்லில் சில மணி நேரத்திலேயே கிருமிகளின் வழவழப்பான படலம் படிய ஆரம்பிக்கிறது. அன்றே துடைத்தால் துணியோடு வந்துவிடும். விட்டுவிட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஊறி, இரண்டு மூன்று நாளில் இறுகத் தொடங்கும். இறுகிய பிறகு துணியாலும் தூரிகையாலும் ஆகாது. நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால் நாய்க்குச் சொத்தைப் பல் குறைவு, காரை அதிகம். வாரம் ஒரு முறை அழுத்தித் தேய்ப்பதைவிடத் தினமும் அரை நிமிடம் துடைப்பது மேலானது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

புண் ஆறி, மருத்துவர் தொடங்கலாம் என்று சொன்ன பிறகே பழக்குங்கள். வலிக்கிற ஈற்றைத் தேய்த்தால் நாய் உங்கள் கையையே வெறுத்துவிடும். முதல் சில நாள் உதட்டைத் தூக்கிவிட்டுத் தட்டிக் கொடுங்கள், அவ்வளவுதான். பிறகு விரலில் சுற்றிய துணியால் கோரைப்பல்லை மட்டும் துடையுங்கள். அதற்குப் பழகியதும் பின்பற்களுக்குப் போங்கள். பின்னர் மென்மையான தூரிகைக்கு மாறி, ஈறும் பல்லும் சேரும் கரையில் சாய்த்துப் பிடித்துச் சிறு வட்டமாகத் தேய்க்கலாம். வெளிப்பக்கம் போதும், உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எலும்பு கொடுத்தால் பல் சுத்தமாகும் என்ற நம்பிக்கையால் உடைந்த பற்கள் ஏராளம். வெந்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். காய்ந்த எலும்பு, கொம்பு, குளம்பு ஆகியவற்றைக் கடிக்கும்போது, நான் மேலே சொன்ன அந்தப் பெரிய பல்லே விண்டுபோகும். கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் சற்றாவது பதிய வேண்டும். அவ்வளவு மென்மையானதை மட்டும் கடிக்கக் கொடுங்கள்.

உங்கள் நாயைப் பகலில் சங்கிலியில் கட்டுகிறீர்களா? சங்கிலியையோ கம்பி வேலியையோ கடிக்கும் பழக்கம் இருந்தால் கோரைப்பற்களின் பின்புறம் அரம் போட்டு ராவியது போலத் தேய்ந்திருக்கும். அப்படித் தேய்ந்த பல் ஒருநாள் சட்டென்று ஒடிந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது அதையும் காட்டுங்கள்.