சிஎம்எல் ரிப்போர்ட்டில் குரோமோசோம் கோளாறு என்று இருந்தால் பிள்ளைக்கும் வருமா?

கணவருக்கு சிஎம்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய், ரிப்போர்ட்டில் 'பிலடெல்பியா குரோமோசோம் பாசிட்டிவ்', மகளுக்கும் டெஸ்ட் எடுக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இது பரம்பரையாக வருவதில்லை. உறவில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது.

2011. தாராவியில் இருந்தோம். குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் அப்பாவுக்கு ரத்தம் எடுத்ததில் வெள்ளையணு எகிறிப்போய் 1,80,000. அடுத்த வாரமே எலும்பு மஜ்ஜை டெஸ்ட். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. டாக்டரம்மா இந்தியில் சொல்வதை அப்பா அம்மாவுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. அவர் ஒரு தாளை விரித்தார். குட்டிப் புழுக்களை ஜோடி ஜோடியாக நிறுத்தியதுபோல் 46 குரோமோசோம்கள். 9-ஆம் ஜோடியில் ஒன்று சற்று நீளம், 22-இல் ஒன்று குட்டை. அந்தக் குட்டையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். இரண்டும் உடைந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒட்டிய இடத்தில் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) என்று ஒரு புது ஜீன். அது நிற்காமல் வெள்ளையணுவைப் பெருக்கிக்கொண்டே இருக்கும்.

"பிறவியிலேயே இருந்ததா?" என்று கேட்டேன். இல்லை, மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் பிறகு நடந்தது, பிள்ளைக்குப் போகிற செல்லில் இது கிடையாது என்றார். பிலடெல்பியா வெறும் ஊர்ப் பெயர்தான். 1960-இல் அங்கே நோவெல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் இந்தக் குட்டைக் குரோமோசோமைக் கண்டுபிடித்தார்கள்.

அக்காவுக்கு அப்போதுதான் நிச்சயம் முடிந்திருந்தது. விஷயம் அத்தை மூலமாக சயான் கோலிவாடாவில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. "குரோமோசோம்லயே கோளாறுன்னா பொண்ணுக்கும் இருக்கும்லா?" என்றார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானே போனேன். மாப்பிள்ளையின் அப்பா அதைக் கையில்கூட வாங்கவில்லை. கல்யாணம் நின்றது. அக்காவுக்கு வேறு இடத்தில் முடிந்து இரண்டு பிள்ளைகள், நன்றாக இருக்கிறாள். ஆனாலும் எனக்கு அது ஆறவில்லை.

நீ என்ன டாக்டரா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. சிஎல்எல் என்ற இன்னொரு வகையில் ரத்த சொந்தங்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும் தெரியும். நான் சொல்வது சிஎம்எல் பற்றி மட்டும்.

மகளைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது கணவரின் மாத்திரையை. அப்பாவுக்கு இமாடினிப் என்ற மாத்திரை, 400 மி.கி. பிசிஆர்-ஏபிஎல் அளவு 0.1 சதவீதத்துக்குக் கீழே வந்து நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. 2015-இல் ஊரில் கோயில் கொடைக்குப் போய்விட்டு வந்தார். அடுத்த டெஸ்டில் 2 சதவீதம். உடனே மியூட்டேஷன் டெஸ்ட் எழுதினார்கள். அந்த ஜீனிலேயே மறுபடி மாற்றம் வந்தால் மருந்து கேட்காமல் போகும். டி315ஐ என்ற மாற்றம் வந்தால் இமாடினிப், டாசாடினிப், நிலோடினிப் மூன்றுமே வேலை செய்யாது, போனாடினிப் மாதிரி வேறு மருந்துக்குப் போக வேண்டும். ரிசல்ட் வரும்வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மியூட்டேஷன் எதுவும் இல்லை என்று வந்த பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். ஊரில் மூன்று வாரம் மாத்திரையே போடவில்லையாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மும்பை லோக்கலில் மாற்றுத் திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம். அப்பா பார்க்க நன்றாக இருப்பதால், "கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு, இறங்கு" என்று எத்தனை முறை சண்டைக்கு வந்திருக்கிறார்கள்! மாத்திரையால் ராத்திரியெல்லாம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஃபைலை எடுத்துக் காட்டிக் காட்டி அலுத்துப்போய், இப்போது கூட்டத்தில் நின்றே போகிறார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிசிஆர்-ஏபிஎல் டெஸ்ட் எழுதுவார்கள். ஒவ்வொரு முறையும் வருகிற சதவீதத்தைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஏறினால், முதலில் கணவரிடம் மாத்திரை விட்டுப்போனதா என்று கோபப்படாமல் கேளுங்கள்.