கேள்வி – பதில்: விட்ட பந்தையும் எண்ணுங்கள்

போன இதழில், டெக்சாஸில் ஃபிரிஸ்கோ மைதானத்தில் மகளோடும் மாப்பிள்ளையோடும் உட்கார்ந்து பேஸ்பால் பார்த்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நம் கரையோரத்தில் தெருவுக்கு நாலு பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவர்களோடு போனில் பேசும்போது இந்த விளையாட்டும் பேச்சில் வந்துவிடுகிறது போலிருக்கிறது. சரி, இந்த மாதம் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டேன், முழுப் பக்கமும் இதற்குத்தான்.

உச்சிப்புளி வாசகர்: என் மச்சினன் ஃபிரிஸ்கோ ரஃப்ரைடர்ஸ் என்று ஒரு டீமைப் பற்றியே பேசுகிறான். ஆனால் அது மைனர் லீக் என்கிறான். சின்ன டீமுக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

அது தனி டீம் இல்லை, நாற்றங்கால். அமெரிக்காவில் உச்சப் படியான மேஜர் லீகில் டீம் 30. ஒவ்வொன்றுக்கும் கீழே சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நாலு படி, ஆக மொத்தம் 120 டீம். அதற்கும் கீழே புதுப்பையன்களுக்கு ஃபுளோரிடா, அரிசோனா, டொமினிகன் நாடு என்று தனியாக உண்டு. ரஃப்ரைடர்ஸ், டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் டபுள்-ஏ டீம். பையனுக்குச் சம்பளம் கொடுப்பதும் கோச் வைப்பதும் எப்போது மேலே ஏற்றுவது என்று முடிவு செய்வதும் ரேஞ்சர்ஸ்தான். டிஎன்பிஎல்லில் நம்ம பையன் ஒருத்தன் நாலு சிக்ஸ் அடித்தால் "இவன் ஐபிஎல் போவானா" என்று டீக்கடையில் பேசுவோம் இல்லையா? உங்கள் மச்சினன் அந்தப் பேச்சைத்தான் வருஷம் முழுக்கப் பேசுகிறார். அது நல்ல பேச்சு, விடச் சொல்லாதீர்கள்.

கீழக்கரை, கல்லூரி மாணவர்: எங்க காக்காவும் (அண்ணனும்) அதே ஊரில்தான் இருக்கிறார். எந்த பேட்டர் தேறுவான் என்று எங்களுக்குள் வாட்ஸ்அப்பில் தினமும் சண்டை. ஒரு பேச்சுக்கு, ஒருத்தனுக்கு வயது 25, டபுள்-ஏயில் 0.310 சராசரி. இன்னொருத்தனுக்கு வயது 20, அதே படியில் 0.258. நான் முதல் ஆள் என்கிறேன், காக்கா இரண்டாவது ஆள் என்கிறார். யார் சரி, சார்?

உங்க காக்கா பக்கம்தான் நான், தம்பி. கிரிக்கெட் சராசரி மாதிரி இது ரன் கணக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், பத்துத் தடவை மட்டை பிடித்தால் எத்தனை தடவை அடித்து பேஸுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய இடத்துக்கு, போனான் என்பதுதான். 0.310க்கும் 0.258க்கும் நடுவே நூறு தடவைக்கு ஐந்து அடிதான் வித்தியாசம். ஐந்து பந்து ஃபீல்டர் கைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தால் அந்த வித்தியாசம் வந்துவிடும். ஐந்து வயது வித்தியாசம் அப்படி வந்துவிடாது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளைப் பிளஸ் டூ பையன் எழுதி 90 வாங்குகிறான், அதே தாளை எட்டாம் வகுப்புப் பையன் எழுதி 65 வாங்குகிறான் என்றால் வாத்தியாராக இருந்த நான் இரண்டாவது பையனைத்தான் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பேன்.

ஆனால் காக்காவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த இருபது வயதுப் பையன் எத்தனை வாக் வாங்குகிறான், எத்தனை தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆகிறான்? இதைப் பார்க்காமல் வயதை மட்டும் பார்த்துப் பையனைத் தூக்கி வைப்பதும் தப்புதான். பந்து வீசுகிற பிட்சர் நிற்கிற இடத்துக்கும் பேட்டர் முன்னால் இருக்கிற ஹோம் பிளேட்டுக்கும் நடுவே அறுபதரை அடி. மணிக்கு 95 மைல் வேகத்தில் வருகிற பந்து கண்ணை மூடித் திறப்பதற்குள், கிட்டத்தட்ட 0.4 வினாடியில் வந்துவிடும். அதற்குள் இது அடிக்கிற பந்தா விடுகிற பந்தா என்று முடிவு செய்தாக வேண்டும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விடத் தெரிந்தவனைத்தான் நாம் டெஸ்ட் ஆட்டக்காரன் என்போம், அதே சங்கதிதான் இங்கேயும். நாலு கெட்ட பந்தை விட்டால் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம், அதுதான் வாக். நல்ல பந்தை விட்டாலோ, மட்டையை வீசித் தவறவிட்டாலோ அது ஸ்ட்ரைக், மூன்று ஆனால் ஸ்ட்ரைக் அவுட். மேஜர் லீகில் இப்போது சராசரியாக நூற்றுக்கு எட்டுத் தடவை வாக், இருபத்திரண்டு தடவை ஸ்ட்ரைக் அவுட். கீழே டபுள்-ஏயிலேயே ஒரு பையன் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் ஆகிறான் என்றால் மேலே போனதும் அது குறையாது, கூடும். டபுள்-ஏயை உண்மையான பரீட்சை என்று அங்கே சொல்வதற்குக் காரணமும் இதுதான். கீழ்ப்படியில் வேகப்பந்தை மட்டும் நம்பி வீசுகிற பையன்களை அடித்துத் தள்ளியிருப்பான், டபுள்-ஏ பிட்சருக்கு வளைகிற பந்தையும் வேண்டிய இடத்தில் போடத் தெரியும்.

வான் சோட்டோ என்கிற டொமினிகன் பையனை 2018-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் மேலே ஏற்றியபோது அவனுக்கு 19 வயது, டபுள்-ஏயில் ஆடியிருந்தது வெறும் எட்டு ஆட்டம். அந்த வருஷமே 22 ஹோம் ரன் (நம்ம சிக்ஸ் மாதிரி) அடித்தான். நான் அதைவிடப் பெரிதாக நினைப்பது, அதே வருஷம் அவன் வாங்கிய 79 வாக். பத்தொன்பது வயதில் அந்தப் பொறுமை! 2024 கடைசியில் நியூயார்க் மெட்ஸ் அவனுக்கு 15 வருஷத்துக்கு 765 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தது என்றால் அந்தக் கண்ணுக்குத்தான்.

உங்க காக்காவுக்குப் பழக்கமான பெயர் ஒன்றும் சொல்கிறேன். எவன் கார்ட்டர். 2020 கொரோனா வருஷத்து டிராஃப்டில் (டீம்கள் புதுப்பையன்களை முறைவைத்து எடுப்பது) ரேஞ்சர்ஸ் இரண்டாவது சுற்றிலேயே அவனை எடுத்தபோது, யார் இந்தப் பையன் என்று எல்லோரும் விழித்தார்கள், பெரிய பட்டியல்களில் அவன் பெயரே இல்லை. ஃபிரிஸ்கோவில் ஆடினான், அடிக்கிறதைவிட விடுகிறதில் கெட்டி. கெட்ட பந்து மூன்று, ஸ்ட்ரைக் இரண்டு என்று கடைசிப் பந்து வரைக்கும் பிட்சரை இழுப்பதால் 'ஃபுல் கவுண்ட் கார்ட்டர்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். 2023 செப்டம்பரில் 21 வயதில் மேலே போனான், 23 ஆட்டத்தில் 0.306. அந்த அக்டோபர், நவம்பரில் ரேஞ்சர்ஸ் மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரை ஜெயித்தபோது களத்தில் இருந்தான். அப்புறம் முதுகு வலி வந்து அடுத்த வருஷம் வீணானது வேறு கதை. ஃபிரிஸ்கோ வெயிலில் உட்கார்ந்து அவன் விட்ட பந்தையெல்லாம் பார்த்திருந்தவர்களுக்கு அந்த செப்டம்பர் ஆச்சரியமாக இருந்திருக்காது.

பாம்பன் வாசகர்: எங்களுக்குக் காற்றுப் பார்க்காமல் ஒரு வேலையும் ஓடாது. அந்த விளையாட்டில் காற்றுக்கும் இடத்துக்கும் கணக்கு உண்டா ஐயா?

நிறைய உண்டு, கணக்குப் போடுகிறவர்கள் பலர் மறப்பதும் இதைத்தான். 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் 15-இல் முதல் கடல் போகிற படகு இறாலும் கணவாயுமாக அள்ளிக்கொண்டு வரும். அந்த ஒரு நாள் பாட்டை (கிடைத்த மீனை) வைத்து அந்த டிரைவர் கெட்டிக்காரர் என்று நீங்கள் யாராவது சொல்வீர்களா? மாட்டீர்கள். வாடைக்காற்று நேரத்தில், எல்லாப் படகும் வெறும் ஐஸோடு திரும்புகிற நாளில், அவர் என்ன கொண்டு வருகிறார் என்று பார்த்துத்தான் சொல்வீர்கள்.

அதே மாதிரிதான். டிரிபிள்-ஏயில் பசிபிக் கோஸ்ட் லீக் என்று ஒன்று. அதில் ஆல்புகர்க்கி என்கிற ஊர் 5,000 அடிக்கு மேலே இருக்கிறது, ஏறக்குறைய நம் ஏற்காடு உயரம். அங்கே காற்று லேசு. அடித்த பந்து கூடுதல் தூரம் போகும், பிட்சர் போடுகிற பந்தும் சரியாக வளையாது. அங்கே ஒருத்தன் 25 ஹோம் ரன் அடித்தால் அது ஜூன் 15 பாடு. ஃபுளோரிடா ஸ்டேட் லீகில் கடல் மட்டம், மைதானங்களும் மேஜர் லீக் டீம்கள் பயிற்சிக்கு வரும் பெரிய மைதானங்கள், அங்கே 12 அடித்தாலே நான் நிமிர்ந்து உட்காருவேன்.

பிராண்டன் வுட் என்று ஒருத்தர் இருந்தார். 2005-இல், இருபது வயதில், கலிஃபோர்னியா லீகில் 43 ஹோம் ரன். பாலைவனக் காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகிற மைதானங்கள் அந்த லீகில் அப்போது இருந்தன. வயது சின்னது, பலம் நிஜம், ஆகவே எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் அந்த வருஷமே ஸ்ட்ரைக் அவுட் நிறைய. மேஜர் லீகில் அவருடைய மொத்த சராசரி 0.186, ஹோம் ரன் 18. அவரை நான் குறை சொல்லவில்லை, அந்த வயதில் அந்தப் பாரத்தைத் தூக்குவது லேசில்லை. அவர் தலையில் அதை ஏற்றி வைத்தவர்கள் இடத்தையும் காற்றையும் கழித்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம்.

தொண்டி வாசகர்: மைக்கேல் ஜோர்டன் பேஸ்பால் ஆடினாராமே?

ஆமாம், 1994-இல் பர்மிங்காம் பேரன்ஸ் என்கிற டபுள்-ஏ டீமில். 127 ஆட்டம், சராசரி 0.202, ஹோம் ரன் மூன்று, ஸ்ட்ரைக் அவுட் 114. கூடைப்பந்தில் உலகத்திலேயே முதல் ஆள், 31 வயதில் நேராக டபுள்-ஏயில் இறங்கி வளைகிற பந்தைப் பார்த்தார். இருந்தாலும் 30 பேஸ் திருடியிருக்கிறார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்திருக்கிறார், அந்தக் கால்களை எங்கே வைத்தாலும் ஓடும்.

ராமேஸ்வரம் வாசகர்: 'இவனுக்குப் பவர் 70' என்றெல்லாம் எழுதுகிறார்கள். நூற்றுக்கு எழுபதா?

இல்லை. ஆள் தேடி மார்க் போடுகிற ஸ்கவுட்கள் 20-இல் ஆரம்பித்து 80-இல் முடிப்பார்கள். 50 என்றால் மேஜர் லீகின் சராசரி ஆள், 80 என்றால் தலைமுறைக்குச் சிலர். மட்டை, பலம், ஓட்டம், ஃபீல்டிங், வீச்சு என்று ஐந்துக்கும் தனித்தனி மார்க். மட்டைக்கு 35 வைத்துக்கொண்டு பலத்துக்கு 70 இருந்தால் அந்தப் பலம் பயிற்சி ஆட்டத்தில்தான் தெரியும், மட்டையில் பந்து பட்டால்தானே பறக்கும்? முதலில் மட்டை மார்க்கைப் பாருங்கள்.

தங்கச்சிமடம், ஒரு தாயார்: என் மகள் எட்டாவது படிக்கிறாள், பள்ளி சாஃப்ட்பால் டீமில் இருக்கிறாள். உயரம் கம்மி, பெரிய அடி வராது என்று சொல்லி கோச் எப்போதும் வெளியே உட்கார வைக்கிறார். விட்டுவிடச் சொல்லலாமா?

வேண்டாம் அம்மா. தயவுசெய்து விடச் சொல்லாதீர்கள்.

போன ஆடி மாதம் மண்டபம் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் நின்றுகொண்டிருந்தேன். காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. உங்கள் மகள் வயதில் ஒரு பெண், பெரிய அக்கா யாருடையதோ ஹெல்மெட், ஆடிக்கொண்டே இருந்தது. பந்து கிளம்பியதும் முன்கால் தரையில் ஊன்றியது, மட்டை மட்டும் தோளைவிட்டு அசையவில்லை. பந்து முட்டிக்குக் கீழே போனது. அவள் தலை அந்தப் பந்தோடு கூடவே திரும்பி, கேட்சர் கையுறைக்குள் அது விழுகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது பந்து இடுப்பு உயரத்தில் வந்தது, இரண்டாவது பேஸுக்கு மேலே தட்டிவிட்டு ஓடினாள். சுற்றி நின்றவர்கள் அந்த மூன்றாவது பந்துக்குக் கை தட்டினார்கள். நான் முதல் இரண்டுக்கும் சேர்த்துத் தட்டினேன்.

ஹோசே அல்டுவே என்று ஒருவர், உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். வெனிசுலாவில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் நடத்திய தேர்வில் முதல் நாளே, குள்ளம், நாளைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா சொல்லி மறுநாளும் போய் நின்றார். 2007-இல் வெறும் 15,000 டாலருக்கு எடுத்தார்கள். 2017-இல் அவர்தான் அமெரிக்கன் லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர். உங்கள் மகளையும் மறுநாள் போய் நிற்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள், ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனை பந்தை விட்டாள், அதில் எத்தனை விட வேண்டிய பந்து என்று அவளே எழுதட்டும். ஒரு பருவம் எழுதி கோச்சிடம் காட்டட்டும்.

ஏர்வாடி வாசகர்: நம் நாட்டுக்காரர் யாராவது?

2008-இல் ஒரு பந்துவீச்சுப் போட்டி மூலம் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று இரண்டு உத்தரப் பிரதேச இளைஞர்களைப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் எடுத்தது. இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். இரண்டு பேருமே பிட்சர்கள், மைனர் லீகோடு நின்றுவிட்டார்கள். தோள் இருந்தால் வீசக் கற்றுக்கொள்ளலாம், பேட்டருக்கு அந்தக் கண் சின்ன வயதிலிருந்தே பழக வேண்டும். அதனால்தான் மேலே தங்கச்சிமடத்துக்கு அவ்வளவு நீளமாக எழுதினேன்.

தேவிபட்டினம் வாசகர்: அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஒரு வருஷமாக ஒரு பையனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினான். அந்தப் பையன் மேலே போய் இரண்டு வாரம் சொதப்பினதும் 'வேஸ்ட்' என்கிறான். இப்படி மாறலாமா?

மாறக்கூடாது, கோபமாகத்தான் இருக்கிறது எனக்கு. ஜாக்சன் ஹாலிடே 2022 டிராஃப்டில் முதல் ஆள். 2024 ஏப்ரலில் பால்டிமோர் டீம் அவனை மேலே ஏற்றியபோது வயது 20. முப்பத்துநாலு தடவையில் இரண்டே அடி. திருப்பி அனுப்பினார்கள். ஜூலை கடைசியில் மறுபடி வந்தவன் அந்த ஆட்டத்திலேயே மூன்று பேஸும் நிறைந்திருக்க ஹோம் ரன் அடித்தான். ஆரன் ஜட்ஜ் 2016-இல் முதல் 27 ஆட்டத்தில் 0.179, அடுத்த வருஷம் 52 ஹோம் ரன். மைக் டிரவுட் 2011-இல் 0.220, அடுத்த வருஷம் 0.326. ஒரு பையனை ஒரு வருஷம் பார்த்து, வயதும் இடமும் வாக்கும் கணக்குப் போட்டு நல்லவன் என்று முடிவு செய்தீர்கள் என்றால், இரண்டு வாரத்தில் அந்தக் கணக்கு எப்படிப் பொய்யாகும்? பயந்துபோய்க் கெட்ட பந்தைத் துரத்த ஆரம்பித்துவிட்டானா என்று மட்டும் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். துரத்தவில்லை என்றால் காத்திருக்கலாம்.

பார்ப்பது எப்போது என்று பலர் கேட்டிருந்தீர்கள். டபுள்-ஏ ஆட்டங்கள் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை, செவ்வாய் முதல் ஞாயிறு. ஃபிரிஸ்கோவில் மாலை ஏழுக்குத் தொடங்கினால் நமக்கு மறுநாள் விடிகாலை ஐந்தரை, நாட்டுப்படகுகள் கரைக்கு வருகிற நேரம். ஏப்ரல் முடிவதற்குள் ஒரே ஒரு பேட்டர் பெயரை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள், வயது, எந்தப் படி, எந்த லீக், வாக் எத்தனை, ஸ்ட்ரைக் அவுட் எத்தனை என்பதோடு. எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்து செப்டம்பர் இதழில் எடுத்துப் பார்க்கிறேன்.