ஊட்டி உயரத்தில் இன்னொரு பழைய நகரம்

வாசகர் கேள்வி – பதில்

மகளின் பிரசவத்துக்காக மெக்சிகோ சிட்டியில் நான்கு மாதம் தங்கியிருந்ததையும், பேத்தி தூங்கும் நேரங்களில் பழைய கோயில்களையும் அருங்காட்சியகங்களையும் பார்த்து வந்ததையும் போன இதழில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்தப் பக்கம் முழுவதும் அதற்கே போய்விடும் போலிருக்கிறது. ஊட்டியில் 31 வருடம் வரலாறு நடத்தியவள் நான். எனக்கு மிகவும் சந்தோஷம்.

குன்னூரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்: மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். நாங்கள் அவனிடம் போகும்போது ஐந்து நாள் மெக்சிகோ சிட்டிக்கும் போய்வரலாம் என்கிறான். எனக்கு 67 வயது, மனைவிக்கு 62. உயரமான ஊர், மூச்சு வாங்கும் என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டும் பஸ் டூர் இருக்கிறதாமே, அதில் போகலாமா?

உயரத்துக்குப் பயப்பட வேண்டாம். அந்த நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். போய் இறங்கிய முதல் நாள் காலையில் அந்தக் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டபோது, சேரிங் கிராஸில் நிற்பது போலவே எனக்கு இருந்தது. ஆனால் ஒன்று. நீங்கள் ஹூஸ்டனில் சில வாரம் கடல்மட்டத்தில் இருந்துவிட்டுப் போவீர்கள். அதனால் முதல் நாள் மட்டும் மெதுவாக நடங்கள். தொப்பி கட்டாயம். குளிராக இருக்கிறதே என்று ஏமாந்து நான் மூக்குத் தோல் உரிந்து நின்றேன்.

ஒரு நாள் பஸ் டூர் வேண்டாம். முதல் வாரத்தில் அப்படி ஒன்றில் போய் நான் அழாத குறையாகத் திரும்பினேன். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு கடையில் ஒன்றேகால் மணி நேரம் நிறுத்தினார்கள். எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செய்த பொம்மை விற்கும் கடை. அப்புறம் ஆனைக்கற்றாழை இலையின் முள்ளை நாரோடு உரித்து, ஊசியும் நூலுமாகக் காட்டினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, நம் ரோட்டோரத்துக் கற்றாழையின் சொந்த ஊர் அதுதானே. ஆனால் பிரமிடுகள் நிற்கும் பழைய நகரமான தியோதிவாக்கானில் எங்களை இறக்கிவிட்டபோது உச்சி வெயில், கொடுத்த நேரம் ஐம்பது நிமிடம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கவே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற இடம் அது!

நான் சொல்கிற வரிசை இது. முதலில் ஊர் நடுவிலுள்ள சோக்கலோ சதுக்கமும், அதன் ஓரத்தில் தோண்டியெடுத்த தெம்ப்லோ மயோர் என்ற பெரிய கோயிலும். அடுத்த நாள் சப்புல்தெபெக் பூங்காவிலுள்ள தேசிய மானுடவியல் அருங்காட்சியகம். அதற்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள், அப்படியும் பாதிதான் முடியும். மெஷிகா (அஸ்டெக்) கூடத்தையும் மாயா கூடத்தையும் பார்த்தால் போதும், மற்றவற்றை மனசில்லாமல் விடத்தான் வேண்டும். ஒரு நாள் விட்டு தியோதிவாக்கான். வடக்கு பஸ் நிலையத்திலிருந்து சாதாரண பஸ்ஸிலேயே ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். காலை எட்டு மணிக்குத் திறக்கும்போதே நுழைந்துவிடுங்கள். கைடு வேண்டுமென்றால் வாசலிலேயே கிடைப்பார்கள். அரசு கொடுத்த அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

திங்கட்கிழமை நகரத்திலுள்ள அந்த இரண்டு இடங்களுக்கும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை உள்நாட்டவருக்கு இலவசம் என்பதால் கூட்டம் தாங்காது. மகனிடம் போக எடுத்த அமெரிக்க விசா செல்லுபடியில் இருந்தால் தனி விசா தேவையில்லை. விதி மாறக்கூடியது என்பதால் டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கூடலூர் பிளஸ் ஒன் மாணவி: 2012-ல் உலகம் அழியும் என்று சொன்ன மாயன் காலண்டர், படங்களில் வரும் அந்த வட்டக் கல்தானா?

இல்லை கண்ணு. படத்தில் நீ பார்த்தது சூரியக் கல். அதைச் செதுக்கியவர்கள் மாயர்கள் அல்ல, நாம் அஸ்டெக் என்று படித்த மெஷிகா மக்கள். குறுக்களவு 3.6 மீட்டர், எடை 24 டன். 1790 டிசம்பரில் சோக்கலோ சதுக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து வந்தது. இருபது நாள்களுக்கான சின்னங்கள் அதில் வட்டமாக இருக்கின்றன, ஆனால் தேதி பார்க்கச் செய்த கல் இல்லை அது. மாயர்களின் நெடுங்கணக்கு என்ற காலக் கணக்கு வேறு. அதில் சுமார் 5,125 வருடச் சுற்று ஒன்று 2012 டிசம்பரில் முடிந்தது. மீட்டரில் 99,999 போய் மறுபடி சுழியம் வருமே, அப்படி. உலகம் முடிவதாக அவர்கள் எழுதி வைக்கவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் சேர்த்தே தீர்த்துவிடுகிறேன். தியோதிவாக்கானின் பிரமிடுகளை அஸ்டெக் பிரமிடு என்று பலர் எழுதுகிறார்கள். மெஷிகா மக்கள் தங்கள் தெனோச்தித்லான் நகரத்தை அமைத்தது 1325 வாக்கில் என்பது மரபு. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே தியோதிவாக்கான் தேய்ந்துபோய்விட்டது. லட்சம் பேருக்குக் குறையாமல் வாழ்ந்த நகரம் அது. அவர்கள் தங்கள் ஊரை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதே நமக்குக் கிடைக்கவில்லை. பின்னால் வந்த மெஷிகாக்கள் அந்தப் பாழடைந்த பிரமாண்டத்தைப் பார்த்து மலைத்து வைத்த பெயர்தான் தியோதிவாக்கான். எந்த இடிபாட்டின் முன் நின்றாலும் ‘இது யாருடையது?’ என்று முதலில் கேள். வகுப்பிலும் இதைத்தான் சொல்லுவேன்.

ஊட்டி சுற்றுலா கைடு: 14 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அங்கே கைடுகள் எப்படி, அம்மா? கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா?

உண்டு தம்பி. உங்கள் கடிதத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

தெம்ப்லோ மயோர் என்ற அந்தப் பெரிய கோயிலுக்கு எங்கள் எட்டுப் பேரைக் கூட்டிப்போனவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா. டிக்கெட் வாங்கியதும் உள்ளே விடவில்லை. குவாதெமாலா தெருவும் அர்ஜென்டினா தெருவும் சேரும் முக்கில் நிறுத்தி, “கீழே பாருங்கள்” என்றார். வெறும் தெரு. 1978 பிப்ரவரி 21 அன்று மின்சாரத் தொழிலாளர்கள் அந்த இடத்தில் பள்ளம் தோண்டும்போது கல் தட்டுப்பட்டது. மண்ணை விலக்கினால் செதுக்கிய உருவம். மூன்றேகால் மீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்டக் கல்லில், கைகால் வெட்டுண்டு கிடக்கும் பெண் தெய்வம் கொயோல்ஷௌகி. அன்று மண்வெட்டியை நிறுத்தியவர்களால்தான் மாதோஸ் மொக்தெசூமா என்ற தொல்லியலாளர் தலைமையில் பெரிய அகழாய்வு நடந்து, கோயில் முழுவதும் வெளியே வந்தது.

கதையைச் சொல்லிவிட்டு எங்களை உள்ளே கூட்டிப்போனார். ஏழு கட்டங்களாக, பழைய கோயிலின் மேலேயே புதியதைக் கட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். வெங்காயத்தை நடுவில் அரிந்தது போல அடுக்கடுக்காகத் தெரிகிறது. உச்சியில் இரண்டு சன்னதி: ஒன்று மழைத் தெய்வம் த்லாலோக்குக்கு, மற்றது போர்த் தெய்வம் உயிட்சிலோபோச்ட்லிக்கு. அந்தப் போர்த் தெய்வம் வெட்டி மலையிலிருந்து உருட்டிய சகோதரிதான் கொயோல்ஷௌகி. அவள் கல் கிடந்ததும் அவனுடைய படிக்கட்டின் அடியிலேயே. பலிகொடுத்த உடல்கள் அந்தப் படி வழியாகத்தான் உருண்டு வந்தன.

நரபலியைப் பற்றிப் பேசும்போது அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. உள்ளதை மறைக்காமல் சொன்னார். அப்புறம் எங்களை உட்காரவைத்து, அதே மக்கள் ஏரிக்குள் மிதப்பது போன்ற வயல் அமைத்து ஒரு மாநகருக்கே சோறு போட்டதையும் அதே அளவு நேரம் எடுத்துச் சொன்னார். கடைசியில், “மெஷிகாக்கள் பேசிய நவாட்டில் மொழியை இன்றும் 15 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பேசுகிறார்கள். இறந்துபோனவர்களைப் பற்றி நான் பேசவில்லை” என்றார்.

தம்பி, தோடர் மந்துக்கு வண்டி விடும்போது அந்த வாக்கியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் கேளுங்கள், வேண்டாம் என்றால் வண்டியைத் திருப்புங்கள். அப்புறம் எண்களைக் குறைத்து ஒரு கதையை முழுசாகச் சொல்லுங்கள். அந்த அம்மா சொன்ன தேதிகளில் எனக்கு இன்று நினைவிருப்பவை மூன்றுதான். அந்தத் தெரு முக்கு மட்டும் அப்படியே கண்ணில் இருக்கிறது.

எல்லநள்ளி வாசகி: சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டாம். சோள ரொட்டி, பீன்ஸ், சப்பாத்திக்கள்ளி இலைப் பொரியல், வெண்ணெய்ப்பழத் துவையல் எல்லாம் கிடைக்கும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. ‘சின் கார்னே’ (கறி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது, ‘சின் மான்டேகா’ (கொழுப்பு இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் தோட்டத்து மேரக்காய்க்கும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் பூர்வீகம் அந்தப் பக்கம்தான். அருங்காட்சியகத்தில் மூன்று கால் வைத்த அம்மியைப் பார்த்தேன், குழவியும் கூடவே இருந்தது. அதன் முன்னால் நான் நின்ற நேரம் சூரியக் கல்லின் முன்னால் நின்றதைவிட அதிகம்.

கோத்தகிரி பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி: எங்கள் தோட்டத்து மேட்டில் வட்டமாகக் கல் அடுக்கியிருக்கிறது. உள்ளே பானை இருக்கும் என்று பையன்கள் தோண்டப் பார்க்கிறார்கள். என்ன செய்வது?

தோண்ட விடாதீர்கள், ஒரு கல்லைக்கூட நகர்த்த விடாதீர்கள்.

மெக்சிகோ சிட்டியின் அந்த மானுடவியல் அருங்காட்சியக வாசலில் ஒரு பிரமாண்டமான கல் நிற்கிறது, 150 டன்னுக்கு மேல். கோவாத்லிஞ்சான் என்ற கிராமத்தில் ஓடைக்கரையில் படுத்திருந்த கல். மழைத் தெய்வம் த்லாலோக் என்கிறார்கள், நீர்த் தேவதை என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. 1964-ல் அதை நகரத்துக்குக் கொண்டுபோக வந்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். ராணுவம் வந்த பிறகுதான் கல் நகர்ந்தது. அது நகரத்துக்குள் நுழைந்த அன்று, மழைக்காலமே இல்லாத ஏப்ரலில், கொட்டோ கொட்டென்று மழை. அந்த ஊருக்குப் பின்னாளில் கிடைத்தது ஒரு நகல்.

நம் மலைக்கும் இது நடந்திருக்கிறது. 1870-களில் நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் இதே மாதிரிப் பழைய புதைகுழிக் கல்வட்டங்களைத் தோண்டினார். மூடியில் எருமையும் பிற விலங்குகளும் வைத்த பானைகள் கிடைத்தன. அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. நீலகிரிப் புதைகுழிப் பொருள்கள் லண்டனிலும் இருக்கின்றன. எந்தப் பானை எந்த மேட்டில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்பதை அறிந்தால்தான் அது யாருடையது என்று சொல்ல முடியும். தோண்டியெடுத்துவிட்டால் அந்தத் தகவல் போனது போனதுதான்.

நாளைக்கே நாலு பக்கமிருந்தும் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு குடையையோ கவ்வாத்துக் கத்தியையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். சர்வே எண்ணோடு மனு எழுதி, மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஒரு நகல் கலெக்டர் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பையன்களை ஒருமுறை எழும்பூருக்குக் கூட்டிப்போங்கள். நீலகிரிப் பானைகள் எந்தக் கூடத்தில் என்று வாசலிலேயே விசாரியுங்கள், அந்த எருமை மூடியைத் தேடச் சொல்லுங்கள். மே மாதம் நான் கோத்தகிரி வருகிறேன். உங்கள் மேட்டைக் காட்டுவீர்களா?