குதிரைத்தலை நெபுலா படத்தில் அல்நிடாக்கைச் சுற்றி வட்டம் விழுவது ஏன்?

குதிரைத்தலை நெபுலா என்ற வான்மேகத்தை 80 மி.மீ. எஃப்/6 தொலைநோக்கியில் ஃபில்டர் (சில நிற ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) போட்டுப் படம் எடுத்தால், பக்கத்திலுள்ள அல்நிடாக் என்ற விண்மீனைச் சுற்றி ஒளிவட்டம் விழுகிறது, லென்ஸ் கெட்டுவிட்டதா என்பது கேள்வி. பெரும்பாலும் லென்ஸ் மேல் தப்பில்லை. கேமரா சென்சாரில் பட்ட ஒளி திரும்பிப்போய் எதிரிலுள்ள கண்ணாடியில் மோதி, குவியம் தவறி மறுபடி சென்சாரில் விழுகிறது. நெபுலாவிலிருந்து அரை டிகிரி தள்ளி 1.8 ஒளித்தரத்தில் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) இப்படி ஒரு விண்மீன் இருந்தால் அது பளிச்சென்று தெரியத்தான் செய்யும்.

எந்தக் கண்ணாடி என்பதை வட்டமே சொல்லிவிடும். அதன் விட்டத்தை எஃப் எண்ணால் (குவியத்தூரத்தை லென்ஸ் விட்டத்தால் வகுத்தது; இங்கே 6) பெருக்கி இரண்டால் வகுத்தால், சென்சாரிலிருந்து அந்தக் கண்ணாடி இருக்கும் தூரம் ஏறத்தாழக் கிடைக்கும். வட்டம் 1600 பிக்சல், பிக்சல் 3.76 மைக்ரான் என்றால் விட்டம் 6 மி.மீ.; தூரம் 18 மி.மீ. அங்கே இருப்பது ஃபில்டர்தான். தூரம் 3, 4 மி.மீ. என்று வந்தால் சென்சாருக்கு மேலுள்ள கண்ணாடி. அதை நாம் ஒன்றும் செய்ய முடியாது.

ஃபில்டர் என்றால் முதலில் அதைத் திருப்பிப் போடுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் பக்கம் வானத்தை நோக்கட்டும். பல நேரம் இதுவே போதும். இல்லையேல் ஃபில்டரைச் சென்சாரிலிருந்து தள்ளி வையுங்கள்: தூரம் இரட்டித்தால் வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகி, ஒளி கால் பங்காக மங்கும்.

வட்டம் விண்மீனைச் சுற்றி விழாமல் படத்தின் மையத்துக்கு எதிர்ப்புறம் தள்ளி விழுந்தால் ஃபிளாட்டனர் (படத்தின் ஓரத்தையும் கூர்மையாக்குவது), ரெட்யூசர் (குவியத்தூரத்தைக் குறைப்பது) போன்ற வளைந்த லென்ஸைச் சந்தேகியுங்கள். விளிம்பில்லாத மொழுமொழு ஒளி என்றால் பனி ஈரமோ மெல்லிய மேகமோதான். ஈரம் படிந்திருக்கிறதா என்று லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள்.