விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 9 மில்லியன்தான். குழந்தைக்கு வாய்ப்பே இல்லையா?

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழளவு 16 மில்லியன். அதற்குக் குறைவாக இருந்தும் இயல்பாகக் குழந்தை பெற்றவர்கள் உண்டு. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். போன மாதம் கடும் காய்ச்சலில் படுத்திருந்தால் அதன் பாதிப்பு இன்றைய சாம்பிளில் தெரியலாம். அதனால் ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்து, மறுபடி டெஸ்ட் எடுங்கள். வீட்டில் எடுத்தால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள். முதல் துளி சிந்திவிட்டால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், விந்தணு அதிகம் இருப்பது அதில்தான்.

அப்போதும் குறைவு என்றால் யூராலஜிஸ்ட். விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்திருந்தால் ஆபரேஷன் உதவலாம். ஒரே விந்தணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்சியும் இருக்கிறது. ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். அது விந்தணு உற்பத்தியையே முடக்கிவிடும்.